பத்து வெள்ளி வானம்

இஸ்ரோ எதையாவது மேலே அனுப்பினால் சுங்கைப்பட்டாணியில் என் கைப்பேசி ஓயாமல் அதிரும். சந்திரயான்-3 நிலவில் இறங்கிய 2023 ஆகஸ்ட் 23 இரவு, நான் மாட்டிக்கொண்டிருக்கும் அத்தனை வாட்சப் குழுக்களிலும் திட்ட இயக்குநர் வீரமுத்துவேலின் படம் வந்துவிட்டது. விழுப்புரத்துக்காரர். ரயில்வே ஊழியரின் மகன். தமிழன்டா. பத்துப் பேருக்குப் பகிருங்கள். அவருக்கு முன் மயில்சாமி அண்ணாதுரை, சிவன். அவருக்குப் பின் ஆதித்யா திட்டத்தின் நிகர் ஷாஜி, இப்போது இஸ்ரோ தலைவர் நாராயணன். இவர்கள் யார்மேலும் எனக்குக் குறையில்லை. பகிர்ந்தவர்கள்மேல்தான் கோபம். அதே வாரம் சனிக் கோள் பூமிக்கு நெருக்கமாக, இரவு முழுக்கத் தெரியும் நிலையில் இருந்தது. "வாங்க, யாராவது ஒருத்தர் வீட்டு முற்றத்துல கூடிப் பார்ப்போம், வளையம் தெரியும்" என்று குழுவில் எழுதினேன். எல்லாரும் படித்தார்கள், நீல டிக் சாட்சி. பதில் போட்டவர் ஒரே ஒருவர்: "சனியை ஏன் சார் தேடிப்போய்ப் பார்க்கணும்?"

நல்ல நகைச்சுவைதான், நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பதிலில் நம் முழு நிலைமையும் இருக்கிறது. வானம் நமக்கு இரண்டு காரியத்துக்கு மட்டும் பயன்படுகிறது. ஒன்று பரிகாரம், இன்னொன்று பெருமை. பரிகாரத்தையாவது விட்டுவிடலாம். அதில் பயம் இருக்கிறது, பயத்தில் கொஞ்சம் நேர்மையும் இருக்கிறது. பெருமையில் அதுவும் கிடையாது. கெடாவில் வாழும் நமக்கு இது இரட்டிப்பு நோய். 1025-ல் இராஜேந்திர சோழன் கடாரத்தின்மேல் படையெடுத்து வந்தான் அல்லவா, அதன் ஆயிரமாவது ஆண்டையும் இப்போது கொண்டாடி முடித்துவிட்டோம். "நட்சத்திரத்தைப் பார்த்துக் கப்பல் ஓட்டிய இனம்" என்று மெர்போக் பக்கம் மேடை போட்டு முழங்குகிறவரிடம், எந்த நட்சத்திரம் ஐயா என்று கேட்டுப் பாருங்கள். மைக்கை அடுத்தவரிடம் கொடுத்துவிடுவார்.

நான் சொல்ல வருவது இதுதான். விண்வெளிக்கு நாம் ரசிகர்களாக இருக்கிறோம். ரசிகனுக்கு வெற்றியில் மட்டும்தான் பங்கு. உறுப்பினருக்குத் தோல்வியிலும் பங்கு உண்டு. உறுப்பினராக இருப்பது எப்படி என்று இந்த மண்ணில் நம் பாட்டன்மார்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நாம்தான் மறந்து தொலைத்துவிட்டோம்.

முதலில் தூரத்து உதாரணம். 1980-ல் அமெரிக்காவில் மூன்று பேர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஒருவர் கார்ல் சேகன். அவருடைய 'காஸ்மோஸ்' தொலைக்காட்சித் தொடர் வந்த ஆண்டும் அதுதான். இன்னொருவர் புரூஸ் மரே, நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தின் இயக்குநர். மூன்றாமவர் லூயிஸ் ஃபிரீட்மன், அங்கே பொறியாளராக இருந்தவர். வாயேஜர் கலங்கள் வியாழனையும் சனியையும் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்த காலம். மக்கள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாஷிங்டனில் இருந்தவர்களோ கோள் ஆய்வுக்கான பணத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள். மக்களுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை என்பது அவர்கள் சொன்ன சாக்கு. சரி, அக்கறை இருக்கிறதா இல்லையா என்று எண்ணிப் பார்த்துவிடுவோம் என்று இந்த மூவரும் இறங்கினார்கள். எண்ணுவதற்கு அவர்கள் கண்ட வழி சந்தா. பிளானட்டரி சொசைட்டி என்ற அந்தச் சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை சில ஆண்டுகளிலேயே லட்சத்தைத் தொட்டது.

அதன் சாதனைப் பட்டியலை நான் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. எனக்கு அதன் தோல்விகள்தான் முக்கியம். செவ்வாயில் என்ன சத்தம் கேட்கும் என்று அறிய ஒரு சின்ன மைக்ரோஃபோனை உறுப்பினர் பணத்தில் செய்து, மார்ஸ் போலார் லேண்டர் என்ற நாசா கலத்தில் ஏற்றினார்கள். 1999 டிசம்பரில் கலம் செவ்வாயில் இறங்கும்போது தொலைந்தது. மைக்கும் போச்சு. அடுத்தது சூரியப் பாய். ஒளிக்கும் உந்தும் விசை உண்டு. காற்றுக்குப் பாய் விரித்து நாகப்பட்டினத்திலிருந்து கடாரம் வந்ததுபோல, மெல்லிய தகட்டைப் பாயாக விரித்தால் சூரிய ஒளி ஒரு கலத்தைத் தள்ளிக்கொண்டு போகும். எரிபொருளே வேண்டாம். காஸ்மோஸ்-1 என்று பெயர் வைத்து, சேகனின் மனைவி ஆன் ட்ரூயனின் நிறுவனமும் பெரும்பணம் போட்டு, 2005 ஜூன் 21 அன்று ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவினார்கள். ராக்கெட் ஒன்றரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. எல்லாம் கடலுக்குள்.

நம் ஊர்ச் சங்கமாக இருந்தால் இந்த இடத்தில் இரண்டு பிரிவாக உடைந்திருக்கும். அவர்கள் உறுப்பினர்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள், திரும்பவும் காசு கேட்டார்கள். உறுப்பினர்களும் கொடுத்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 2015-ல், லைட்செயில் என்ற சோதனைக் கலம் போனது. அதுவும் நடுவில் மென்பொருள் கோளாறால் மௌனமாகிப் பிறகு உயிர்பெற்றுப் பாயை விரித்தது. 2019 ஜூன் 25 அன்று லைட்செயில்-2. கலம் ஒரு ரொட்டிப் பாக்கெட் அளவு. விரிந்த பாய் 32 சதுர மீட்டர், ஒரு சின்ன வகுப்பறையின் தரை அளவு. தடிமன் 4.5 மைக்ரான், தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அடுத்த மாதமே சூரிய ஒளியை மட்டும் கொண்டு தன் சுற்றுப்பாதையை உயர்த்திக் காட்டியது. 2022 நவம்பர் 17 அன்று பூமியின் காற்றில் விழுந்து எரியும்வரை மூன்றாண்டுக்கு மேல் சுற்றியது. மொத்தச் செலவு ஏறக்குறைய 70 லட்சம் டாலர். கொடுத்தவர்கள் சுமார் 50,000 பேர். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 140 டாலர், அன்றைய மதிப்பில் 580 வெள்ளிபோல. அதுவும் பல ஆண்டுகளில் சிறுகச் சிறுகக் கொடுத்தது. ஒரு கல்யாண மண்டபத்தின் ஏர்கான் செலவு.

இப்போது பக்கத்து உதாரணம். மலேசியாவின் ரசாக்சாட் துணைக்கோள். 2009 ஜூலை 14 அன்று, அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன்-1 ராக்கெட்டில் போனது. ஸ்பேஸ்எக்ஸுக்கு முதல் வெற்றிகரமான வணிக ஏவுதலைக் கொடுத்தது நம் நாட்டுத் துணைக்கோள்தான் என்பது பலருக்குத் தெரியாது. செலவு 14 கோடி வெள்ளிக்கும் மேல். ஓராண்டில் செயலிழந்தது. எடுத்த படங்கள் குறிவைத்த இடத்திலிருந்து விலகியிருந்தன. இதை நாட்டு மக்கள் எப்போது அறிந்தார்கள் தெரியுமா? தேசியக் கணக்காய்வாளரின் அறிக்கை வந்த பிறகு. என் வரிப்பணம் அதில் இருந்தது, உங்கள் அப்பாவின் வரிப்பணமும் இருந்தது. ஆனால் நாம் உறுப்பினர்கள் அல்ல, ஆகவே யாரும் நமக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தோற்றதற்காக நான் திட்டவில்லை. விண்வெளியில் தோற்பது சகஜம், மேலே சொன்ன அமெரிக்கர்கள் இரண்டு முறை தோற்றார்கள். இரண்டு தோல்விக்கும் வித்தியாசம், ஒன்றை ஐம்பதாயிரம் பேர் சேர்ந்து சுமந்தார்கள், இன்னொன்றை ஒரு கோப்புக்குள் வைத்து மூடினார்கள்.

அங்காசாவான் கதையும் இதே வகைதான். 18 சுகோய் போர் விமானங்கள் வாங்கிய உடன்பாட்டின் ஒரு பகுதியாக ரஷ்யா கொடுத்த இருக்கை அது. 11,000-க்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். கடைசி நான்கு பேரில் ஒரே பெண், பொறியாளர் வனஜா. அப்போது நம் வீடுகளில் ஓடிய பேச்சு நினைவிருக்கிறதா? "நம்ம பொண்ணு போவாளா, விடுவானுங்களா?" கடைசியில் ஷேக் முஸாபர் போனார். 2007 அக்டோபர் 10. அடுத்த மாதம் 25-ஆம் தேதி கோலாலம்பூர் வீதிகளில் ஹிண்ட்ராப் ஊர்வலம், கண்ணீர்ப்புகை. இரண்டையும் ஒரே தொலைக்காட்சியில் பார்த்தவன் நான். நாட்டின் வானத்தில் நமக்கு இடமில்லை என்று எழுதித் தள்ள அந்த இரண்டு தேதிகளும் போதும், எழுதியும் இருக்கிறார்கள். அந்த மனக்குறை நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் வனஜா போயிருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும்? தெருவுக்குத் தெரு பதாகை, ஒரு தீபாவளி மலர் அட்டைப்படம். பாடாங் செராய் பிள்ளை ஒன்று அந்த ராத்திரி தலையை உயர்த்திப் பார்த்திருக்குமா?

புக்கிட் சீடிம் என்ற பெயரை உங்களில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள் என்று தெரியாது. கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டம். விடுதலைக்கு முன்னும் பின்னும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். துண்டாடல் என்று அதற்குப் பெயர். ஒரு தோட்டம் துண்டாடப்பட்டால் லயம் போகும், வேலை போகும், பள்ளிக்கூடமும் கோயிலும் போகும். வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். பால்மரம் சீவுகிறவனுக்கு அன்று பத்து வெள்ளி என்பது பல நாள் கூலி. தோட்டம் தோட்டமாகப் போய்ச் சேர்த்த அந்தப் பணத்தில் 1961-ல் வாங்கிய முதல் தோட்டம் புக்கிட் சீடிம்.

எங்கள் வீட்டில் தாத்தாவின் பங்குப் பத்திரத்தை இன்றும் நெகிழியுறையில் போட்டு வைத்திருக்கிறோம். அவர் அந்தத் தோட்டத்தைப் பார்த்ததே இல்லை. வேறு தோட்டத்தில் சீவியவர். பார்க்காத மலைச்சரிவுக்கு மாதாமாதம் காசு கட்டினார். விலை விழுந்தால் தன் காசும் விழும் என்று அவருக்குத் தெரியும், பாட்டி அதைத் தினமும் நினைவுபடுத்தியிருக்கிறார். அந்தச் சங்கத்தின் பிற்காலத்தைப் பற்றி எனக்கு விமர்சனங்கள் உண்டு, அது வேறு கட்டுரை. நான் சொல்வது அந்த முதல் பத்து வெள்ளியைப் பற்றி. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டு, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூலகம் அமையப் பணம் திரட்டினார். அந்த நூலகத்துக்குள் ஒருநாளும் நுழைய வாய்ப்பில்லாத மனிதர்கள் கொடுத்த வெள்ளி அது.

சேகனும் மரேயும் 1980-ல் கண்டுபிடித்த முறையை நம் ஆட்கள் இருபது ஆண்டுக்கு முன்பே பெரட்டுக்களத்தில் நின்று செய்துவிட்டார்கள் என்று சொன்னால், பார்த்தீர்களா, இதுவும் பெருமையாகிவிடுகிறது. பகிருங்கள்!

ஆகவே பெருமையை நிறுத்திவிட்டு இன்றைக்கு வருவோம்.

இன்று கெடாத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் என்றால் தங்கப் பதக்கம். வெளிநாட்டில் ஒரு புத்தாக்கப் போட்டி. நாலு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், விமானச் சீட்டு, கட்டணம். பெற்றோர் கடன் வாங்குகிறார்கள், ஊரில் வசூல் நடக்கிறது. திரும்பி வரும்போது விமான நிலையத்தில் மாலை. மறுநாள் நாளிதழில் படம். இத்தகைய போட்டிகள் பலவற்றில் தங்கம் ஒருவருக்கு மட்டும் கொடுப்பதல்ல, குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தாண்டிய எல்லாருக்கும் தங்கம்தான். இதை யாரும் மேடையில் சொல்வதில்லை. பிள்ளைகள்மேல் தப்பில்லை, உழைக்கிற ஆசிரியர்களையும் நான் அறிவேன். ஆனால் அந்தப் பதக்கத்துக்கு அடுத்த வாரம் அந்தப் பள்ளியில் என்ன நடக்கிறது? அடுத்த போட்டிக்கான வசூல். விதிவிலக்கு இருக்கிறது. அஸ்டி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கச் சங்கம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் அறிவியல் விழாவில் கையில் கிடைக்கும் பொருளை வைத்துச் சோதனை செய்ய வைக்கிறார்கள். அங்கே பிள்ளை தப்பாகச் செய்தாலும் ஏன் தப்பானது என்று பேச வேண்டும். அது எனக்குப் பிடித்த விஷயம்.

கெடாவுக்கு வானம் பார்க்க இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. தேசிய வானாய்வகம் லங்காவியில், நம் மாநிலத்தில்தான் இருக்கிறது. அலோர் ஸ்டாரில் தேசிய அறிவியல் மையத்தின் வடக்குக் கிளை இருக்கிறது. பேருந்து ஏறி, ஃபெரி ஏறி, வரிசையில் நின்று, படம் எடுத்துத் திரும்பும் இடங்கள். போகட்டும், போகத்தான் வேண்டும். ஆனால் அங்கேயும் பிள்ளை பார்வையாளர்தான்.

ஒரு தமிழ்ப்பள்ளி. பெயர் வேண்டாம், பெயர் சொன்னால் தலைமையாசிரியருக்கு மாற்றல் வரும், தொலைநோக்கிக்கு வராது. ஓர் ஒய்.பி. அன்பளிப்பாகக் கொடுத்த 114 மில்லிமீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். இருந்தது. கண்ணாடி அலமாரியில், கோப்பைகளுக்கு நடுவில், ரிப்பனோடு. எடுத்துப் பார்க்கலாமா என்றேன். "வேணாம் சார், இன்வென்டரியில இருக்கு. உடைஞ்சா யார் பதில் சொல்றது?" கெஞ்சிக் கேட்டு மூடியைத் திறந்து பார்த்தால் ஆடியில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம். நம் நாட்டு ஈரத்துக்கு மூடிவைத்த ஆடி இப்படித்தான் ஆகும். திறந்து பயன்படுத்தியிருந்தால் அது இன்னும் பல ஆண்டு உழைத்திருக்கும்.

அந்தப் பள்ளிக்கு எதிர்ப்புறம் ஒரு மாரியம்மன் கோயில். தோட்டம் செம்பனையாகி, லயம் இடிந்து, ஆட்கள் தாமான்களுக்குக் குடிபோன பிறகும் மாதாமாதம் வந்து நடத்துகிறார்கள். கோயில் ஒலிபெருக்கி கெட்டுப்போனால் இரண்டாவது நாள் சரியாகிவிடும். காரணம் பக்தி மட்டும் என்று நினைக்காதீர்கள். அந்த ஒலிபெருக்கிக்கு யார் யார் எத்தனை வெள்ளி கொடுத்தார்கள் என்று சுவரில் தாள் ஒட்டியிருக்கிறது. பொதுக்கூட்டத்தில் எழுந்து "அந்த மைக் செட்டு என்னாச்சு?" என்று கேட்க ஓர் ஆயாவுக்கு உரிமை இருக்கிறது, கேட்கவும் செய்கிறார். தோட்டத்துத் தமிழனிடம் இன்று உயிரோடு மிஞ்சியிருக்கும் உறுப்பினர் பழக்கம் அங்கேதான் இருக்கிறது. கோயிலுக்குக் கொடுப்பதைப் பள்ளிக்குக் கொடு என்ற பழைய பகுத்தறிவுப் பல்லவியை நான் பாடவில்லை. கோயில் கமிட்டியிடம் போய்க் கணக்கு வைப்பது எப்படி என்று கற்றுக்கொள் என்கிறேன்.

ஆன்மிகத்துக்கும் இதற்கும் பகை என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: ஜான் டாப்சன். இராமகிருஷ்ணர் மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் 1944-லிருந்து இருபத்து மூன்று ஆண்டுகள் துறவியாக இருந்தவர். காசில்லாததால் கழித்துப்போட்ட கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துத் தொலைநோக்கி ஆடி செய்தார். அட்டைக் குழாய், பலகைப் பெட்டி, அவ்வளவுதான். மடத்தைவிட்டு ராத்திரி ராத்திரி வெளியே போய்த் தெருவில் போகிறவர்களுக்கு நிலவைக் காட்டினார் என்பதால் 1967-ல் வெளியே அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நடைபாதையில் ஒரு வானியல் சங்கமே தொடங்கிவிட்டார். உலகமெங்கும் எளிய வானியலாளர்கள் பயன்படுத்தும் தொலைநோக்கி வகைக்கு டாப்சோனியன் என்று அவர் பெயர்தான். எட்டு அங்குல ஆடியுள்ள ஒன்று இன்று மூவாயிரம் வெள்ளி அளவில் கிடைக்கும். முந்நூறு பேர், ஆளுக்குப் பத்து வெள்ளி.

"வயித்துப் பாட்டைப் பார்க்கவே நேரமில்ல, வானத்தைப் பார்க்கச் சொல்றீங்க" என்று ஒரு நண்பர் கேட்டார். கூலிம் ஹைடெக் பார்க்கில் பன்னிரண்டு மணிநேர ஷிப்டு பார்க்கும் அவருக்கு அப்படிக் கேட்க எல்லா உரிமையும் உண்டு. நான் சொன்ன பதில்: "அண்ணே, நீங்க செய்றது சிப்பு. உங்க பக்கத்து ஃபேக்டரி ஃபர்ஸ்ட் சோலார், அங்க செய்றது சூரிய ஒளியைக் கரண்டாக்குற தகடு. உங்க அம்மா காலையில நாலு மணிக்கு எழுந்து விடிவெள்ளியைப் பார்த்து நேரம் சொன்னவங்க. இந்த மூணுக்கும் நடுவுல நிக்கிற உங்களுக்கு வானம் சம்பந்தமில்லன்னு யார் சொன்னது?" அவருக்குத் திருப்தி ஏற்பட்டதாகத் தெரியவில்லை. "பத்து வெள்ளிதானே, எடுத்துக்க" என்றார், என்னை அனுப்பி வைப்பதற்காக. ரசீது எழுதிக் கொடுத்தேன். ரசீதைப் பார்த்த பிறகுதான் "எப்ப காட்டுவ?" என்று கேட்டார். நான் இத்தனை பக்கம் எழுதிச் சொல்ல முயல்வது அந்தக் கேள்வியைத்தான்.

இன்னொரு ஆட்சேபம் எழுத்தாளர் நண்பர்களிடமிருந்து வருகிறது. பிளானட்டரி சொசைட்டி அமெரிக்க விவகாரம், வெள்ளைக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு என்கிறார்கள். பாதி உண்மை. நாசாவின் அறிவியல் நிதியை ஏறக்குறையப் பாதியாக வெட்ட 2025-ல் வெள்ளை மாளிகை முன்மொழிந்தபோது, அந்தச் சங்கத்து உறுப்பினர்கள் தங்கள் மக்கள் பிரதிநிதிகளின் கதவைத் தட்டினார்கள். அது அவர்கள் நாடாளுமன்றம், நமக்கு அங்கே கதவில்லை. ஆனால் அதே 1980-ல்தான் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் தொடங்கியது. ஆசிரியர்களும் ஊழியர்களும் மாணவர்களும் சேர்ந்த இயக்கம். 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் மாத இதழை நடத்துகிறார்கள். கிரகணம் வந்தால், மற்றவர்கள் கதவைச் சாத்தும் நேரத்தில், தெருவில் வடிகட்டிக் கண்ணாடியோடு நிற்பார்கள். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடந்த 2004-லும் 2012-லும் அதே வேலை. கார்ல் சேகன் வேண்டாமென்றால் அவர்களைப் பாருங்கள்.

உண்மையில் எழுத்தாளர்களிடம்தான் எனக்கு அதிகச் சண்டை. நம் தோட்ட நாவல்களில் இருட்டில் எழுந்து போகிறவர்கள் எத்தனை பேர்! தலைவிளக்கு, கொசு, பாம்பு, கங்காணியின் வசவு எல்லாம் வருகிறது. மேலே இருந்தது என்னவென்று எழுதியவர்கள் எத்தனை பேர்? கெடாவின் வறட்சி மாதங்களில், ஜனவரியிலிருந்து மார்ச் வரை, விடிகாலை வானத்தில் தெற்கே சிலுவை மண்டலம் நிற்கும். தமிழ்நாட்டில் இருப்பதைவிட நமக்கு அது உயரத்தில் தெரியும். நாம் எழுதியதெல்லாம் 'வானில் நட்சத்திரங்கள் மின்னின'. எந்த மரம் என்று சொல்லத் தெரியாத எழுத்தாளனைக் கிண்டல் செய்கிற விமர்சகர்கள், எந்த நட்சத்திரம் என்று கேட்பதில்லை. சிற்றிதழுக்குச் சந்தா கட்டி, அது மூன்றாவது இதழோடு நின்றாலும் அடுத்த இதழுக்குக் கட்டுகிற கூட்டம் நாம். தோல்வியில் பங்கெடுக்க நம்மைவிடப் பயிற்சி பெற்றவர்கள் யார்?

2031 மே 21, புதன்கிழமை, ஒரு கங்கண சூரிய கிரகணம் வருகிறது. நிலவு சூரியனின் நடுவில் வந்து, ஓரம் மட்டும் வளையமாக எரியும் வகை. அதன் பாதை தென்னிந்தியாவைக் கடந்து, இலங்கையைக் கடந்து, மலேசியாவுக்கு வருகிறது. கெடாவில் பிற்பகலில் சூரியனின் பெரும்பகுதி மறையும். அன்றைக்கும் வாட்சப்பில் "கர்ப்பிணிகள் வெளியே வராதீர்கள்" என்று வரும், கூடவே "நம் முன்னோர் அன்றே சொன்னார்கள்" என்றும் வரும். அதற்குள் சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங், பாலிங் என்று நாலு ஊரிலாவது சொந்தத் தொலைநோக்கியும் சூரிய வடிகட்டியும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. சங்கம் பதிவு செய்யச் சட்டப்படி ஏழு பேர் போதும். சப்தரிஷி மண்டலத்துக்கும் ஏழுதான்.

இப்போது நாங்கள் ஐந்து பேர் இருக்கிறோம். சேர்ந்த தொகை 410 வெள்ளி. கூட்டத்தில் மூன்று விதிகள் எழுதினோம். தொலைநோக்கி எந்தப் பள்ளியின் இன்வென்டரியிலும் ஏறக்கூடாது. கொடுத்தவர் பெயர்த் தாள் பெட்டியின் மேலேயே ஒட்டியிருக்கும், டத்தோவுக்கும் ஆயாவுக்கும் ஒரே அளவு எழுத்து. மாதம் ஒருமுறையாவது அதைத் திறக்காவிட்டால் சாவி அடுத்த ஊருக்குப் போய்விடும். மூன்றாவது விதிக்குத்தான் பெரிய வாக்குவாதம், இன்னும் முடியவில்லை. மழை மாதத்தில் என்ன செய்வது என்று பொருளாளர் கேட்கிறார்.